மனசால் எறியும் முகாம்

தடகளப் பயிற்சி முகாமில் குண்டு எறிதலுக்குக் குண்டு இல்லை என்பது ஒச்சாயிக்கு முதல் நாள் காலையிலேயே தெரிந்துபோனது. இல்லை என்று சொல்வதும் தப்பு. குண்டு இருந்தது. எண்ணெய் பூசி, பளபளவென்று, வாரிய அலுவலகத்தின் கண்ணாடி அலமாரிக்குள் பட்டுத் துணி மேல் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. அலமாரிக்குப் பூட்டு இருந்தது. பூட்டுக்குச் சாவி இயக்குநர் வீரணனின் இடுப்பில் இருந்தது.

மைதானமும் இருந்தது. பசுமலை அடிவாரத்தில், மாவட்ட உடல்திறன் மேம்பாட்டு வாரியத்துக்கென்று புதிதாகப் போட்ட மைதானம். லாரி லாரியாகப் புல் கொண்டுவந்து பதித்திருந்தார்கள். மதுரையில் பெண்கள் குடத்தோடு தெருவில் நின்ற கோடையிலும் இந்தப் புல்லுக்குத் தண்ணீர் தவறவில்லை. அமைச்சர் வந்து முதல் அடி வைத்துத் திறக்க வேண்டும் என்று ஏற்பாடு. அமைச்சருக்கு வேலை. தேதி தள்ளித் தள்ளிப் போய் ஒரு வருஷம் ஓடிவிட்டது. அதுவரை மனிதக் கால் எதுவும் புல்லில் படக்கூடாது என்பதற்காகக் கருப்பு என்ற காவலாளியை விசிலோடு நிறுத்தியிருந்தார்கள். சாயங்காலம் பக்கத்துத் தெரு ஆடுகள் உள்ளே புகுந்து மேயும். கருப்பு பார்த்துக்கொண்டு நிற்பார்.

"ஆட்டுக்கு ஊதமாட்டீகளாண்ணே?" என்று ஒச்சாயி கேட்டாள்.

"உத்தரவுல மனுசக் கால்னுதான் போட்டிருக்கு தாயி" என்றார் கருப்பு.

ஒச்சாயி நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே உள்ள ஊர்க்காரி. பேயாண்டியின் மகள். வயது பத்தொன்பது. இளையோர் பிரிவில் நிற்க அவளுக்கு அந்த 1981ஆம் வருஷம்தான் கடைசி. அறுப்பு முடிந்த காட்டில், பாதி உடைந்த அம்மிக் குழவியை எறிந்து எறிந்து கை பழகியவள். அவள் எறிந்ததை இதுவரை யாரும் ஒழுங்காக அளந்ததில்லை. பள்ளிக்கூடத்து ட்ரில் மாஸ்டர் காலடி வைத்து எண்ணுவார். அவருக்கு ஒரு கால் கொஞ்சம் விந்தும். ஊரில் "ஆம்பள கெட்டான் போ" என்பார்கள். அது ஒரு அளவா? மெட்ராஸில் மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும், சரியான வட்டத்தில் நின்று சரியான குண்டை எறிய வேண்டும், நாடா பிடித்து ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். தான் எம்புட்டு என்று ஒரே ஒரு தடவை தெரிந்துகொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு இந்த முகாமில் தேர்வானால்தான் வழி.

முதல் நாள் இயக்குநர் வீரணன் பேசினார். மேடைக்கு இரண்டே படி. ஏறி முடித்ததும் சற்று நேரம் மேஜையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். வயிறு மேஜை மேல் வந்து தங்கியது.

"அன்புக்குரிய வீரர்களே, வீராங்கனைகளே. தில்லியில் நடைபெற்ற கருத்தரங்குக்கு வாரியம் என்னை அனுப்பியது. அங்கே ஓர் அறிஞர் சொன்னார். வெளிநாட்டு வீரர்கள் பயிற்சியில் கால் பங்கை மனதிலேயே செய்கிறார்களாம். கண்ணை மூடி, ஓடுவதாக, தாண்டுவதாக, வெல்வதாக நினைக்கிறார்கள். அதனால்தான் அத்தனை பதக்கம். நான் திரும்பி வரும்போது ரயிலிலேயே கணக்குப் போட்டேன். கால் பங்கை மனதில் செய்பவனுக்கே இவ்வளவு பதக்கம் என்றால், முழுப் பங்கையும் மனதில் செய்பவனுக்கு எவ்வளவு?"

கூட்டம் கை தட்டியது. பேச்சு முடிந்தால் டீ என்று சொல்லியிருந்தார்கள்.

"இந்தத் திட்டத்தில் தோல்வி என்பதே கிடையாது" என்று அவர் தொடர்ந்தார். "சென்ற ஆண்டு நமது மாவட்டம் மனதளவில் ஏழு தங்கம் வென்றது. தலைமையகத்திலிருந்து பாராட்டு வந்தது. வெளியே போய் நிஜமாக ஓடி, நிஜமாகத் தோற்றுவிட்டு வருகிறவர்களால்தான் வாரியத்துக்குக் கெட்ட பெயர். நானே தினமும் விடியற்காலை எழுந்திருக்காமல் ஐந்து மைல் நடக்கிறேன்."

பயிற்சி தாழ்வாரத்தில் நடந்தது. மைதானத்தைப் பார்த்தபடி பாய் விரித்து எல்லாரையும் சம்மணம் போட வைத்தார்கள். கண்ணை மூடச் சொன்னார்கள். காலை ஆறு முதல் எட்டு வரை நினைப்பு. இட்லி. ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நினைப்பு. பால், முட்டை உண்டு என்று அழைப்பில் அச்சடித்திருந்தது. வந்தது இட்லி மட்டும். கேட்டதற்கு, மனப் பயிற்சிக்கு மனப் போஷாக்கே போதும், முட்டையை நினைத்துக்கொண்டு இட்லியைச் சாப்பிடுங்கள் என்றார்கள்.

ஒவ்வொரு அமர்வும் முடிந்ததும் அவரவர் என்ன சாதித்தார்கள் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும். உசிலம்பட்டிப் பக்கத்து உயரந்தாண்டும் சுருளி எழுந்தான். "ரெண்டு மீட்டர் தாண்டிட்டேன் சார்" என்றான். அவன் ஆயுளில் அதில் முக்கால்வாசியைத்தான் தாண்டியிருக்கிறான். இயக்குநர் முகம் சுளித்தார்.

"குறுக்கே கம்பு இருந்ததா?"

"இருந்துச்சு சார்."

"யார் உன்னைக் கம்பு வைக்கச் சொன்னது? கம்பு என்பதே ஒரு தடை. தடையை ஏன் நினைக்கிறாய்?"

மறுநாளிலிருந்து சுருளி கம்பு இல்லாமல் தாண்டினான். எவ்வளவு உயரம் என்று கேட்டால், "கீழ பாக்கல சார்" என்பான். அதற்கு நல்ல பாராட்டு கிடைத்தது.

ஒச்சாயியின் முறை வந்தது.

"ஒரு பத்து மீட்டர் போயிருக்கும் சார்" என்றாள்.

"பத்துதானா?"

"நெனப்புலயும் கை வலிச்சுச்சு சார். வெறும் இட்லிதான தின்னது."

எதிர்மறை எண்ணம் என்று இயக்குநர் அறிவித்தார். மற்றவர்களுக்கு அது தொற்றிவிடக் கூடாதென்று அவள் பாயைத் தூண் ஓரமாகத் தள்ளிப் போட்டார்கள். பக்கத்துப் பாயில் அழகம்மாள். அவளும் குண்டு எறிதல்தான். இயக்குநரின் அக்காள் மகள். காலேஜில் படிக்கிறவள், சிரித்த முகம், கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. தண்ணீர்ச் செம்பைவிடக் கனமான எதையும் அவள் தூக்கி யாரும் பார்த்ததில்லை. அவள் அன்றைக்குப் பதினாறு மீட்டர் எறிந்திருந்தாள்.

"அது எம்புட்டு தூரம் இருக்கும்க்கா?" என்று ஒச்சாயியிடம் ரகசியமாகக் கேட்டாள்.

"அந்தா அந்த வேம்பு தெரியுதுல்ல. அதையும் தாண்டி."

"ஆத்தாடி" என்று அழகம்மாள் நிஜமாகவே பயந்துபோனாள்.

இப்படியே போய்க்கொண்டிருக்கும்போது ஒரு குற்றம் நடந்துவிட்டது. ஜலீல் என்பவன் ஓடிவிட்டான். தப்பி ஓடவில்லை, வெறுமனே ஓடினான். டவுனுக்குள் வளர்ந்தவன், ஆரப்பாளையத்தில் சைக்கிள் கடையில் வேலை, நெடுந்தூர ஓட்டக்காரன். விடியற்காலையில் சுவரேறிக் குதித்து, திருப்பரங்குன்றம் வரை ஓடித் திரும்பும்போது கருப்பு பார்த்துவிட்டார். விசாரணை வைத்தார்கள். ஒச்சாயி உட்பட எல்லாரையும் நிறுத்தி வைத்து, எல்லாருக்கும் முன்னால்.

"ஓடினாயா?" என்றார் வீரணன்.

"ஓடுனேன் சார்."

"காலாலா?"

"வேற எதால சார் ஓடுறது?"

"திமிரைப் பார். ஏன் ஓடினாய்?"

"ஓட்டக்காரன் சார் நான். ஒரு வாரமா ஒக்காந்தே இருந்தா காலு மரத்துப்போகுது. வாப்பா பாத்தா, என்னடா, பந்தயத்துக்குப் போனியா, பாய் விக்கப் போனியான்னு கேப்பாரு."

யாரோ சிரித்துவிட்டார்கள். தீர்ப்பு அதனால் கடுமையானது. ஜலீல் ஓடிய தூரம் முழுவதையும் மனசுக்குள் பின்பக்கமாக ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்துசேர வேண்டும். அப்போதுதான் அந்த ஓட்டம் ரத்தாகும். இரண்டு நாள் அவன் தனி அறையில் பின்பக்கமாக ஓடினான். வெளியே வந்ததும் ஒச்சாயியிடம் சொன்னான்: "தங்கச்சி, திருப்பரங்குன்றம் பக்கத்துல ஒரு பஸ்ஸு வந்துச்சு. பின்னாடி ஓடுறவனுக்கு எப்படித் தெரியும்? அடிச்சிருச்சு."

அவன் வேடிக்கைக்குச் சொன்னான். ஆனால் அதைக் கேட்டுக்கொண்டிருந்த சுருளிக்கு யோசனை வந்துவிட்டது. மறுநாள் அமர்வின் நடுவே அவன் "ஐயோ" என்று காலைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். தாண்டி இறங்கும்போது கணுக்கால் பிசகிவிட்டதாம், நினைப்பில். நினைப்பில் பட்ட காயமும் காயம்தானே என்று மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் நிஜமான கட்டுப் போட்டு, நிஜமான முட்டையும் பாலும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அடுத்த நாள் முகாமில் பாதிப் பேருக்குத் தசைப்பிடிப்பு. ஒருவனுக்குத் தோள்பட்டை இறங்கிவிட்டது. கோலூன்றித் தாண்டுகிறவன் ஒருவன் மேலே போனவன் இறங்கவே இல்லை என்று சொல்லி இரண்டு முட்டை வாங்கினான். காயங்கள் பெருகுவது பயிற்சியின் தீவிரத்தைக் காட்டுகிறது என்று இயக்குநர் தலைமையகத்துக்கு எழுதினார்.

ஒச்சாயி காயம்படவில்லை. முட்டைக்காகக்கூடப் பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ராத்திரி படுத்தால் தன் வலது கையைத் தானே அமுக்கிப் பார்ப்பாள். கல்லாக இருந்த புஜம் கொழுக்கட்டை மாவு மாதிரி இளகிக்கொண்டு வந்தது. அழுகையும் வந்தது. அழுதால் அதையும் எதிர்மறை என்பார்கள் என்று அடக்கிக்கொண்டாள்.

ஒரு நாள் நேராக இயக்குநர் அறைக்கே போய்விட்டாள்.

"சார், ஒரே ஒரு வாட்டி அந்தக் குண்டக் குடுங்க. எறிஞ்சிட்டுத் தொடச்சு வச்சிர்றேன்."

வீரணன் பேனாவை மூடினார். அன்று அவருக்கு நல்ல மனநிலை. மேடைத் தமிழை விட்டு இறங்கி, மகளிடம் பேசுவது மாதிரிப் பேசினார்.

"இந்தா பாரும்மா. ஒன் நல்லதுக்குச் சொல்றேன். நெசமா எறிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? எம்புட்டு தூரம் போச்சுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோகும்."

"அதுக்குத்தான சார் எறியிறதே."

"அங்கதான் நீ தப்புப் பண்ற. பத்து மீட்டர்னு தெரிஞ்சுபோச்சுன்னு வையி. அப்புறம் நீ வெறும் பத்து மீட்டர். நான் பத்து மீட்டர் ஆளுக்குப் பயிற்சி குடுத்த டைரக்டர். வாரியம் பத்து மீட்டர் வாரியம். தெரியாத வரைக்கும் நாம எல்லாரும் எம்புட்டுப் பெரிய ஆளு, யோசிச்சுப் பாரு. பன்னெண்டு வருசமா இந்த நாற்காலியில இருக்கேன். ஒருத்தன் என்னைய அளந்தது கிடையாது."

ஒச்சாயி வெளியே வந்து கண்ணாடி அலமாரி முன்னால் நின்றாள். குண்டில் அவள் முகம் சின்னதாகத் தெரிந்தது.

தேர்வு நாள் ஆயுத பூஜைக்கு முதல் நாள் வந்தது. மறுநாள் விடுமுறை என்பதால் வாரியத்தில் அன்றைக்கே பூஜை. வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் அலமாரி திறக்கும். குண்டு, ஈட்டி, வட்டு எல்லாவற்றையும் மைதான ஓரத்தில் மேஜை போட்டு அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, பொரி கடலை அவல் படைத்தார்கள். எறிகிறவர்கள் நிற்க வேண்டிய சிமெண்டு வட்டத்தில் மாக்கோலம். நடுவில் குத்துவிளக்கு.

மாநிலச் சங்கத்தின் சார்பாக மெட்ராஸிலிருந்து ராமக்காள் என்ற அம்மாள் வந்திருந்தார். தேர்வு ஒழுங்காக நடந்தது என்று கையெழுத்துப் போட வேண்டியவர். ஒரு காலத்தில் வட்டு எறிந்தவராம். நாற்காலியில் உட்கார்ந்ததும் நாற்காலி அதை உறுதி செய்தது. தோள்பையை மடியில் வைத்துக்கொண்டு, கொடுத்த பொரியைக் கொறித்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்காக இயக்குநர் மனப் பயிற்சியின் மகிமையை முதலிலிருந்து விளக்கினார். ராமக்காள் தலையை ஆட்டவும் இல்லை, ஆட்டாமலும் இல்லை.

பெண்கள் குண்டு எறிதல். ஒரே ஓர் இடம். அழகம்மாளைக் கூப்பிட்டார்கள். அவள் கண்ணை மூடினாள். மாமா கூட்டத்தின் முன் நின்று கை விரல்களை விரித்து மூடி விரித்துக் காட்டினார். அவள் இமை இடுக்கில் பார்த்துக் கூட்டிக்கொண்டாள்.

"இருபத்து மூணு மீட்டர்" என்றாள்.

"உலகத்திலேயே எந்தப் பெண்ணும் எறியாத தூரம்" என்று வீரணன் ஒலிபெருக்கியில் கூறினார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது. "பசுமலையில், நம் கண்முன்னே, இந்தச் சாதனை நிகழ்ந்திருக்கிறது. அடுத்து, ஒச்சாயி. நேரமாகிறது, சீக்கிரம் நினை."

ஒச்சாயி எழுந்து நின்றாள். கண்ணை மூடவில்லை.

"எனக்கு நெனக்க வரல சார். எறிஞ்சு காட்டுறேன்" என்றாள்.

"அது திட்டத்தில் இல்லை."

"மெட்ராசுல இருக்குல்ல சார்."

சொல்லிவிட்டு மேஜைக்குப் போனாள். குண்டின் மேலிருந்த மாலையை எடுத்து, கண்ணில் ஒற்றி, ஓரமாக வைத்தாள். அப்போதுதான் வீரணனுக்கு விஷயம் புரிந்தது.

"ஏய், பூசையில வச்ச ஆயுதத்தத் தொடக் கூடாது. தெய்வக் குத்தம்" என்று கத்தினார். மேடைத் தமிழ் போன இடம் தெரியவில்லை.

இந்த இடத்தில் அவள் கை ஒரு கணம் நின்றது உண்மை. அவள் வீட்டிலும் பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடமாட்டார்கள். பிறகு அவளுக்கு வித்தியாசம் பிடிபட்டது.

"எங்க வீட்லயும் பூச போடுவோம் சார். கலப்பை, மம்பட்டி, அருவா எல்லாம் வைப்போம். வருசம் பூராம் வேல செஞ்சு தேஞ்சதுக்கு ஒருநா ஓய்வு, அதுக்கு ஒரு கும்பிடு. இந்தக் குண்டு என்ன சார் வேல செஞ்சுச்சு? வருசம் பூராம் ஓய்வுல இருந்ததுக்கு எதுக்குப் பூச? மொத ஒருவாட்டி வேல செய்யட்டும். நானே சூடம் காட்டுறேன்."

குண்டை எடுத்துவிட்டாள். சந்தனம் உள்ளங்கையில் வழுக்கியது. தாவணி முனையில் துடைத்தாள். வட்டத்துக்குள் போய் குத்துவிளக்கை அணையாமல் தூக்கி வெளியே வைத்தாள். ஜலீல் வந்து அதை வாங்கிக்கொண்டான். கோலத்தின் மேல் அவள் கால் ஊன்றி நின்றபோது கருப்பு விசிலை வாயில் வைத்தார். இன்னும் புல்லில் கால் படவில்லையே என்று யோசித்து எடுத்துவிட்டார்.

இப்போது அவள் கண்ணை மூடினாள். நினைப்பு அவளுக்குப் புதிது இல்லை. காட்டில் அம்மிக் குழவியை எறிவதற்கு முன்னாலும் எதிரே ஏதாவது ஒரு செடியைப் பார்த்து வைத்துக்கொண்டு, குழவி அங்கே போய் விழுவதை மனசில் பார்த்துவிட்டுத்தான் எறிவாள். நினைக்காமல் எறிகிற ஆள் உண்டா? நினைப்பு முன்னால் போகும், குழவி அதைத் தேடிக்கொண்டு பின்னால் போகும். இங்கே இவர்கள் முன்னால் போக வேண்டியதை மட்டும் அனுப்பிவிட்டுப் பின்னால் போக வேண்டியதை அலமாரியில் பூட்டிவிட்டார்கள். கண்ணைத் திறந்தாள். மைதானத்தில் ஓர் இடத்தில் புல் கொஞ்சம் அடர்ந்திருந்தது. அதை மனசில் குறித்துக்கொண்டாள். குண்டைக் கழுத்தோடு அணைத்து, குனிந்து, சுழன்று, இத்தனை நாள் உட்கார்ந்திருந்த கோபம் அவ்வளவையும் தோளுக்குக் கொண்டுவந்து எறிந்தாள்.

பொத்தென்று சத்தம் கேட்டது. ஒரு வருஷமாக யாரும் மிதிக்காத புல்லில் ஒரு பள்ளம் விழுந்தது. மண் தெறித்தது. முகாமில் பாதிப் பேர் கட்டுப் போட்ட காலோடு எழுந்து நின்றிருந்தார்கள்.

"செல்லாது" என்றார் வீரணன். "இந்த எறி செல்லாது. விதிப்படி இங்கே யாரும் எறியக் கூடாது. யாரும் புல்லில் இறங்கி அளக்கவும் கூடாது. அமைச்சர் இன்னும் கால் வைக்கவில்லை."

ராமக்காள் பொரியைக் கீழே வைத்தார். தோள்பையைத் திறந்து ஓர் அளவு நாடாவை எடுத்தார். ஓரம் நைந்த பழைய நாடா. செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் இறங்கினார். கருப்பு இயக்குநரைப் பார்த்தார், அம்மாளின் தோளைப் பார்த்தார், விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு ஆள் வந்து அந்த நுனியைப் பிடிங்க" என்று ராமக்காள் திரும்பிப் பார்த்துச் சொன்னார். முகாமுக்கு வந்ததிலிருந்து அவர் பேசிய முதல் பேச்சு.

முதலில் ஓடியது அழகம்மாள். வட்டத்தின் விளிம்பில் மண்டியிட்டு நாடாவின் நுனியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அழகு, நீ ஏண்டி போற? நீதான செலக்ட் ஆயிருக்க" என்றார் மாமா.

"போங்க மாமா. எனக்கு மெட்ராசுல போயி அவமானப்பட முடியாது. அந்தக் குண்ட என்னால தூக்கவே முடியாது" என்றாள் அழகம்மாள். பல நாளாகச் சொல்லக் காத்திருந்தவள் மாதிரி நிம்மதியாகச் சிரித்தாள்.

ராமக்காள் பள்ளத்தின் அருகே குனிந்து நாடாவைப் படித்தார். அவசரப்படவில்லை. குறைந்துபோயிருந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிட்டால் போதும் என்றிருந்தது ஒச்சாயிக்கு.

"பத்து மீட்டர் அறுபத்தியொண்ணு" என்றார் ராமக்காள்.

ஒச்சாயி அதைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். இருபத்து மூன்றில் பாதிகூட இல்லை. ஆனால் அதில் ஒரு விரல்கடை கூட யாரும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அம்புட்டும் அவளுடையது.

"ஒக்காந்தே இருந்த கைக்கு இது ஜாஸ்தி" என்று ராமக்காள் நாடாவைச் சுருட்டியபடி சொன்னார். "மெட்ராஸுக்கு இந்தப் பொண்ணு பேரை எழுதிக்கோங்க சார். இல்லைன்னா நான் கையெழுத்துப் போடுறதா நீங்க மனசுல நெனச்சுக்கோங்க."

வீரணன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் பள்ளத்தைவிட்டு நகரவில்லை. புல்லுக்கு என்ன சொல்வது, பூஜைக்கு என்ன சொல்வது, உலக சாதனை என்று ஒலிபெருக்கியில் சொன்னதற்கு என்ன சொல்வது. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒச்சாயியைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இப்படிப் பண்ணிட்டியே. தலைமையகத்துக்கு நான் இத எப்படி எழுதுவேன்?"

"நடக்கலன்னு நெனச்சுக்கங்க சார்" என்றாள் ஒச்சாயி. "ஒங்களுக்கு அது நல்லா வருமே."

பிறகு செருப்பில்லாத காலோடு புல்லில் இறங்கி, குண்டை எடுத்துவர நடந்தாள். ஆளுக்கு மூன்று எறியில் அவளுக்கு இன்னும் இரண்டு பாக்கி இருந்தது.